ஜூரி கேட்ட கால்குலேட்டர்

ஓரின் டெம்ஸ்கிக்கு நாற்காலியில் உட்காரத் தெரியாது. பத்தொன்பது வருடம் அவருடைய வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சும் தொலைபேசியும் பார்த்தவள் நான். என் பேச்சை நம்பலாம். மதியச் சாப்பாடு என்பது ஒரு கையில் இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி பன், இன்னொரு கையில் யாருடைய எக்ஸ்ரேயோ. தொலைபேசியில் பேசினால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பார். அந்த வழியில் மட்டும் கம்பளம் தேய்ந்து நூல் தெரியும். "காலுக்குச் சக்கரம் கட்டியிருக்கா உங்களுக்கு?" என்று கேட்டால், "உட்கார்ந்தா பயம் வருது டோரி" என்பார். வேடிக்கையாகத்தான் சொல்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்தேன்.

அவர் பிழைப்பு அப்படி. எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம். அவருக்கு ஜெயித்தால்தான் காசு. வண்டி மோதியவர்கள், ஏணி சரிந்தவர்கள், இயந்திரத்தில் விரலை விட்டவர்கள் வருவார்கள். யாரும் ஒரு டாலர் முன்பணம் தர வேண்டாம். எதிராளி பணம் கொடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. விசாரணை வரை போய்விட்டால் நூற்றுக்கு நாற்பது. நிபுணர்களுக்கு, டாக்டர்களுக்கு, காகிதங்களுக்கு ஆகும் செலவை அவரே போட்டுக்கொண்டு வருவார். ஜெயித்தால் அதையும் கழித்துக்கொள்வார். தோற்றால் கூலியும் இல்லை, போட்டதும் போச்சு. கட்சிக்காரர் காலணா தர வேண்டாம்.

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஈரி நகரத்தில் இப்படிப்பட்ட வக்கீல்களுக்கு ஆம்புலன்ஸ் பின்னால் ஓடுகிறவர்கள் என்று பெயர். என் சொந்தத் தம்பியே குடும்ப விருந்தில் என்னைப் பார்த்து, "என்னக்கா, உங்க முதலாளி இன்னிக்கு எந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறாரு?" என்று கேட்பான். அவனுக்கு என்ன தெரியும்? பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேரை ஓரின் திருப்பி அனுப்பிவிடுவார். அடிபட்டது உண்மையாக இருந்தாலும், தப்பு யார் மேல் என்று காட்ட முடியாவிட்டால் எடுக்க மாட்டார். எடுத்தால் தன் காசைப் போட வேண்டும் அல்லவா? அந்த ஒன்பது பேரையும் கூப்பிட்டு இல்லை என்று சொல்வது என் வேலை. அழுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். நன்றி சொல்லிவிட்டு வைக்கிறவர்கள்தான் அன்று முழுவதும் என்னைச் சாப்பிட விடமாட்டார்கள்.

ஒரு காலத்தில் அவர் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் வக்கீல். பணம் கொடுக்காமல் இருக்க என்ன காரணம் சொல்லலாம் என்று ஆறு வருடம் எழுதிக் கொடுத்தார். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பிப் போகவில்லை. தன் வீட்டின் முன்னறைகள் இரண்டையும் அலுவலகமாக்கினார். பின்னால் அடுப்படி, மாடியில் படுக்கை. மனைவி விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. அவருக்கென்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

நடீன் ஹெட்ரிக் வந்தது ஒரு நவம்பர் மாதம். நாற்பத்தேழு வயது. சொந்த வேன் வைத்துக்கொண்டு பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவள். ஒரு பெரிய கடையின் பின்பக்கம், சரக்கு மேடைக்கும் வேனுக்கும் நடுவே போடுகிற இரும்புத் தகடு சறுக்கி, வலது கை நசுங்கிவிட்டது. மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு விரல்தான் மடங்கியது. கையுறை போட முடியாததால் கம்பளிக் காலுறையை அந்தக் கையில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஓரின் நடந்துகொண்டே நிபந்தனைகளைச் சொன்னார். அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தோத்துட்டா நான் எவ்வளவு தரணும்?"

"ஒன்னும் இல்ல."

"நீங்க போட்ட செலவு?"

"அது என்னோட."

"உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"அப்படித்தான் டோரியும் சொல்றா."

"ஜெயிச்சா நூத்துக்கு நாப்பது. கை என்னோடது, நாப்பது உங்களோடது."

"ஆமா. நியாயமாப் படலைன்னா வேற ஆள்கிட்டப் போங்க. மணிக்கணக்குக்குக் காசு வாங்கறவங்க இருக்காங்க."

"காசு இருந்தா இங்க எதுக்கு வரேன்?" என்று சொல்லி இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. நாலைந்து மாதத்தில் வா போ என்று பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டோம்.

கடைக்காரர்கள் சொன்னது ஒரே விஷயம்: தகட்டின் கொக்கியைப் பூட்ட வேண்டியது ஓட்டுநரின் வேலை, அவள் பூட்டவில்லை. கொக்கியே தேய்ந்து போயிருந்தது, பூட்டினாலும் நிற்காது என்றார் ஓரின். சொன்னால் போதுமா? காட்ட வேண்டும். பிட்ஸ்பர்கிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். கை டாக்டர் ஒரு மணி நேரம் கேமரா முன்னால் பேச நாலாயிரம் டாலர் கேட்டார். இனி நடீனுக்கு எவ்வளவு வருமானம் போகும் என்று கணக்குப் போட ஒரு பேராசிரியர். இரண்டேகால் வருடத்தில் அறுபத்தெட்டாயிரம் டாலர் போயிருந்தது. அவ்வளவு பணம் ஓரினிடம் கிடையாது. வங்கிக் கடிதத்தைப் பிரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, வீட்டை அடமானம் வைத்திருக்கிறார். மார்ச் முடிவதற்குள் கட்டாவிட்டால் வீடு போய்விடும்.

கடிதத்தை அவர் மேசையில் போட்டேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இதை நடீன்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல. நீயும் சொல்லக் கூடாது."

"ஏன்? அவளுக்காகத்தானே வச்சீங்க?"

"அவளுக்குத் தெரிஞ்சா, நாளைக்கு ஒரு தொகை வரும்போது என் வீட்டை நினைச்சு முடிவெடுப்பா. கேஸ் அவளோடது டோரி. வாங்கறதும் வேணாங்கறதும் அவ இஷ்டம். நடுவுல என் வீடு வரக் கூடாது. சத்தியமா சொல்லு, வாயைத் திறக்க மாட்டேன்னு."

சொல்லித் தொலைத்தேன்.

பிப்ரவரியில் விசாரணை. நாலு நாள் நடந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜூரி பன்னிரண்டு பேரும் தீர்ப்பை முடிவு செய்யத் தங்கள் அறைக்குள் போனார்கள். வெளியே ஏரிக்காற்றும் பனியும். நாங்கள் மூன்று பேரும் மாடி நடைகூடத்தில் ஒரு மர பெஞ்சில். இல்லை, நானும் நடீனும் பெஞ்சில். ஓரினுக்குக் கால் தரையில் பாவவில்லை. படிக்கட்டு முனைவரை போவார், தண்ணீர்க் குழாய்வரை வருவார். நெஞ்செரிச்சல் மாத்திரையைக் கடலை மாதிரி மென்றுகொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு எதிர்த்தரப்பு வக்கீல் பிரெஸ்கட் வந்தார். நல்ல மனிதர்தான், சவரம் செய்த கன்னம் எப்போதும் பளபளவென்று இருக்கும். கடையின் இன்சூரன்ஸ் கம்பெனி மூன்று லட்சம் தருவதாகச் சொல்கிறது, ஜூரி வெளியே வரும்வரை இந்தப் பேச்சு செல்லும், வந்துவிட்டால் போச்சு என்றார்.

ஓரின் தன் மஞ்சள் தாளில் எழுதி நடீனிடம் காட்டினார். மூன்று லட்சத்தில் வக்கீல் பங்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். செலவு அறுபத்தெட்டாயிரம். ஆஸ்பத்திரிக் கடன் நாற்பத்தோராயிரம். மிச்சம் அவளுக்கு எழுபத்தோராயிரம்.

நடீன் இடது கை விரலால் அந்த எண்களைத் தொட்டுக் காட்டினாள்.

"என் கைக்கு எழுபத்தொன்னு. உங்க காலுக்கு நூத்திருபது."

"கணக்கு அதுதான்."

"கோவிச்சுக்காதீங்க. என் இடத்துல இருந்தா நீங்க என்ன செய்வீங்க?"

எந்தக் கட்சிக்காரரும் கேட்கிற கேள்வி. எத்தனையோ பேருக்குப் பளிச்சென்று பதில் சொன்னவர்தான். அன்று, "யோசிங்க, நேரம் இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன்.

"என்னய்யா இது? வாங்குன்னு சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க. அவ முகத்தைப் பார்க்க முடியல."

"வாங்குன்னு சொல்லத்தான் நாக்கு துடிக்குது" என்றார். கண்ணுக்குக் கீழே சிவந்திருந்தது. "அதுதான் பயமா இருக்கு. சொல்றது வக்கீலா, வீட்டை வச்சவனான்னு எனக்கே தெரியல."

மணி ஒன்றாயிற்று. ஜூரிக்குச் சாண்ட்விச் போனது. எங்கள் ஊரில் ஜூரி என்ன சாப்பிடக் கேட்டார்கள் என்பதைக்கூட வைத்து ஜோசியம் பார்ப்பார்கள். சூடான சாப்பாடு கேட்டால் இழுப்பார்கள், காபி மட்டும் கேட்டால் முடித்துவிட்டார்கள் என்று. கொண்டுபோன பெப்பரோனி பன்னை யாரும் தொடவில்லை.

இரண்டு பத்துக்குக் கோர்ட்டுச் சேவகர் ஒரு மடித்த தாளோடு நீதிபதி அறைக்குப் போனார். எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்: "எங்களுக்கு ஒரு கால்குலேட்டர் கிடைக்குமா?"

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் நல்ல செய்தி கிடையாது. கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களுக்குக் கால்குலேட்டர் எதற்கு? இல்லை என்று எழுத ஒரு பேனா போதும். கால்குலேட்டர் கேட்டால் தொகை போடுகிறார்கள் என்று அர்த்தம். இப்படித்தான் எல்லா வக்கீல்களும் சொல்வார்கள், நானும் பத்தொன்பது வருடம் சொல்லியிருக்கிறேன். பிரெஸ்கட்டின் கன்னத்தில் இருந்த பளபளப்பு போய்விட்டது. கையில் போனோடு படியிறங்கி ஓடினார். பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"நாலு லட்சம், ஓரின். இதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

மறுபடி மஞ்சள் தாள். நாலு லட்சத்தில் நடீனுக்கு மிஞ்சுவது ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று எழுந்தாள். என்னையும் கூட வரச் சொன்னாள்.

உள்ளே குழாயைத் திறந்துவிட்டு, இடது கையால் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள்.

"டோரி, நூத்தி முப்பத்தொன்னு போதும்னு தோணுது. கடனை அடைச்சிட்டு, ஒரு கையால ஓட்டற மாதிரி வேனை மாத்திக்கிட்டு, தூக்கறதுக்கு ஒரு ஆளைப் போட்டுக்குவேன். ஆனா இவர் ஒன்னும் சொல்ல மாட்டேங்கறாரே. மனசுல என்ன இருக்கு அவருக்கு? உனக்குத் தெரியும். சொல்லு."

எனக்குத் தெரியும். வாய்வரை வந்தது. மூன்றே வார்த்தை: வீட்டை அடமானம் வைத்திருக்கிறார். சத்தியம் செய்தவள் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அவர்கிட்டயே கேளு" என்றேன். "இன்னிக்கு வாயைத் திறக்க வை."

கேட்டாள். படிக்கட்டு முனையில் அவரை மறித்து நின்று கேட்டாள்.

"நேராக் கேக்கறேன் ஓரின். வாங்கட்டுமா, வேணாமா? நீங்க சொல்றதைச் செய்யறேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை, ஜூரி அறைக் கதவைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குள் மாத்திரையைத் தேடியது.

"கால்குலேட்டர் கேட்டிருக்காங்க" என்றார். "பேராசிரியர் போட்டுக் கொடுத்தது பன்னெண்டு லட்சம். அதுல பாதி போட்டாக்கூட இதைவிட ஜாஸ்தி. நான் சொல்றதானா... காத்திருக்கலாம்."

அவர் குரலை எனக்குத் தெரியும். சொல்ல விரும்பியதற்கு நேர் எதிராகச் சொன்னார். தன் தேவை பேசிவிடுமோ என்று பயந்து, அதன் கழுத்தை நெரித்துவிட்டு, மிச்சமிருந்ததைப் பேசினார். கால்குலேட்டர் அதற்கு ஒரு சாக்கு.

"சரி" என்றாள் நடீன். "காத்திருப்போம்."

நாலே காலுக்கு ஜூரி வந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட நடீனைப் பார்க்கவில்லை. கடையின் மேல் தப்பு உண்டா? உண்டு. நடீனின் மேல் தப்பு உண்டா? உண்டு. நூற்றில் யார் பங்கு எவ்வளவு? கடைக்கு நாற்பத்தொன்பது, நடீனுக்கு ஐம்பத்தொன்று.

எங்கள் மாநிலத்துச் சட்டம் இது: அடிபட்டவர் மேல் தப்பு பாதிவரை இருந்தால் அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். பாதியைத் தாண்டினால் ஒன்றுமே கிடையாது. ஒரு புள்ளி தாண்டினாலும் கிடையாது.

நடீன் என் பக்கம் குனிந்து, "நாப்பத்தொன்பதுன்னா எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். ஓரின்தான் சொன்னார். சொல்லும்போது அவள் காலுறை மாட்டிய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஜூரியில் இருந்த ஒருவர் என்னிடமும் ஓரினிடமும் வந்தார். ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார்.

"அந்தம்மாவுக்குப் பாதியாவது கிடைக்கும்ல? ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்க."

"கால்குலேட்டர் எதுக்குக் கேட்டீங்க?" என்றார் ஓரின்.

"பங்கு பிரிக்கத்தான். அவங்க தப்பு எவ்வளவுன்னு ஒத்துப்போகவே முடியல. ஒருத்தர் இருபதுங்கறாரு, ஒருத்தர் எண்பதுங்கறாரு. ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போட்டு, கூட்டிப் பன்னெண்டால வகுத்தோம். ஐம்பது புள்ளி சொச்சம் வந்துச்சு, ஐம்பத்தொன்னுன்னு போட்டோம். ஐம்பதுக்கு மேல போனா, தொகை எவ்வளவுங்கற அடுத்த கேள்விக்குப் போக வேணாம்னு தாள்ல இருந்துச்சு. நிறுத்திட்டோம். மிச்சத்தை நீதிபதி பார்த்துக்குவாருன்னு நினைச்சோம்."

பாதியைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது என்பது, நீதிபதி நாற்பது பக்கம் படித்துக் காட்டியதில் ஒரு வரியாக இருந்தது. கவனித்தவர்கள் கவனித்திருப்பார்கள். அறைக்குள் பேசியதை வைத்துத் தீர்ப்பை உடைக்கவும் சட்டம் விடாது. ஓரின் மனுப் போட்டுப் பார்த்தார், தள்ளிவிட்டார்கள்.

ஏப்ரல் மாதம் நடீன் தன் எக்ஸ்ரேக்களை வாங்க வந்தாள். பனி உருகி முன்புல்வெளி சேறாகக் கிடந்தது. அதன் நடுவே வங்கி நட்டுவிட்டுப் போன விற்பனைப் பலகை. வாசலிலேயே நின்று அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தாள். ஓரின் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"பத்தாம் தெருவுல ஒரு ரூம் பார்த்திருக்கேன். கீழ பல் டாக்டர்."

"வீட்டை வச்சா என் கேஸை நடத்துனீங்க?"

"உங்க படமெல்லாம் இந்த உறையில இருக்கு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஆமா."

அவள் உறையை வாங்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அந்த நாலு லட்சத்தை வாங்கிட்டுப் போயிருப்பேனே. எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு. உங்க வீடு போகுதுன்னு தெரிஞ்சா ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றார் ஓரின். "அதனாலதான் சொல்லல."

நடீன் என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா டோரி? அன்னிக்குப் பாத்ரூம்ல கேட்டேனே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. இடது கையால் உறையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "ரெண்டு பேரும் ரொம்ப நல்லவங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, பலகையைச் சுற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். வேனை விற்று அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஓரின் ஜன்னலை விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தொலைபேசி அடித்தது. யாரோ ஏணியிலிருந்து விழுந்தவர். ஓரின் எழுந்திருக்கவில்லை, நான்தான் எடுத்தேன்.